இரண்டு ஈ.சி.ஆர்.

மரக்காணத்துக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் வாசலில் ஓடுகிற சாலை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. இருபுறமும் பாத்தி பாத்தியாக உப்பளம். வெயில் ஏற ஏறத் தரை கண்ணாடியாக மின்னும். வார இறுதியில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காரை ஓரங்கட்டி, வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்புக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இன்னொரு ஈ.சி.ஆர். இருக்கிறது. அது சில பாஸ்போர்ட்டுகளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். 'எமிக்ரேஷன் செக் ரெக்கொயர்டு' என்பதன் சுருக்கம். 'வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் முன் இவரைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்' என்று அதற்குப் பொருள். பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில்தான் அந்த மூன்றெழுத்து இருக்கும்.

உப்பளத்தில் வேலை மழைக்காலம் வரைதான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் குளமாகிவிடும். வருமானம் இல்லாத அந்த மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவோடு பாத்தியில் இறங்கிய ஒரு பையன், "இந்த உப்புத் தண்ணியில எத்தனை நாளைக்கு நிக்கிறது?" என்று வளைகுடாவுக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அவன் முதலாவது ஈ.சி.ஆரில் பஸ் ஏறி மீனம்பாக்கம் போகிறான். அங்கே இரண்டாவது ஈ.சி.ஆர். அவனுக்காகக் காத்திருக்கிறது.

விமான நிலையத்தில் இரண்டு விதமான சோதனை நடக்கிறது. ஒன்று, 'உன்னிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்பது. இன்னொன்று, 'நீ யார்?' என்று கேட்பது. முதல் கேள்வி பெட்டிக்கு. இரண்டாவது கேள்வி ஆளுக்கு. சமூகவியல் அறிஞர்கள் நூறு ஆண்டுகளாக எழுதி வந்தவற்றை வைத்துப் பார்த்தால், இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகப் புரியும். அதற்கு முன், மரக்காணத்துக் கடற்கரை இந்தக் கேள்விகளுக்குப் புதிதல்ல என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

உப்புக்குக் காவல்

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கப்பல் வந்துபோன துறைமுகம் என்றால் அங்கே சோதனையும் இருந்திருக்கும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பட்டினப்பாலை விவரிக்கும்போது, ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளை அளந்து, சோழனின் புலி முத்திரையைப் பதித்து, ஓய்வில்லாமல் காவல் காத்த சுங்க அலுவலர்களைக் காட்டுகிறது. பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலைக்கு அவர்கள்தான் முன்னோடிகள். அவர்கள் பார்த்தது பொருளை.

ஆளைச் சந்தேகிக்கும் சோதனை உப்பு வரியோடு இந்தக் கரைக்கு வந்தது. 1805-ல் கிழக்கிந்திய கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அதன்பிறகு கடலோரத்தில் தானாகப் பூத்த உப்பைச் சுரண்டி எடுப்பதும் குற்றம் என்றானது. பாத்திக்குக் காவல், அம்பாரத்துக்குக் காவல், சாலைக்குக் காவல். தன் கையால் விளைவித்த உப்பில் ஒரு பிடியை மடியில் கட்டிப் போகிற தொழிலாளியும் திருடனாகப் பார்க்கப்பட்டார்.

வட இந்தியாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. உப்பு கடத்தலைத் தடுக்க சிந்து நதிப் பக்கமிருந்து மகாநதி வரை ஒரு சுங்க எல்லையையே வெள்ளையர்கள் போட்டார்கள். பல இடங்களில் அதற்கு முள்வேலி, உயிர்வேலி. உச்சத்தில் ஏறக்குறைய 12,000 பேர் அதைக் காவல் காத்தார்கள். 1867 முதல் 1870 வரை அந்தச் சுங்கத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-ல் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான அதே ஹியூம்தான். அந்த எல்லை 1879-ல் கைவிடப்பட்டது. உப்பு வரி மட்டும் தொடர்ந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அதை எதிர்த்துத்தான். 1947-ல்தான் அந்த வரி ஒழிந்தது.

மரக்காணத்துக்குத் தெற்கே இன்னொரு எல்லையும் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தவரை, அதைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் நின்றன. 1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனாலும் இரண்டு பக்கத்திலும் மது விலை வேறு வேறு என்பதால் சோதனை மட்டும் ஓயவில்லை. இன்றைக்கும் புதுச்சேரியிலிருந்து வடக்கே வரும் பஸ்ஸில் போலீஸ் ஏறினால் சிலருடைய பை மட்டும் திறக்கப்படும். யாருடைய பை திறக்கப்படுகிறது என்பதை அந்த பஸ்ஸில் வழக்கமாகப் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். அழுக்குச் சட்டையும் கட்டைப் பையும் சீக்கிரம் கண்ணில் படும்.

மீனம்பாக்கத்தின் அந்த இரவு

விமான நிலையத்துச் சோதனை இவ்வளவு பழையதல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை பல நாடுகளில் விமானம் ஏறுவது கிட்டத்தட்ட பஸ் ஏறுவது மாதிரிதான் இருந்தது. அடுத்தடுத்து விமானங்கள் கடத்தப்பட்ட பிறகு, 1973 ஜனவரியில்தான் அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் சோதிப்பது கட்டாயமானது. இந்தியாவில் 1976 செப்டம்பரில் ஓர் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. அதன் விளைவாக 1978-ல் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு உருவானது.

தமிழ்நாடு இந்தப் பாடத்தை ரத்தத்தில் படித்தது. 1984 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு போகும் விமானத்தில் ஏற்ற வேண்டிய பெட்டியில் அது இருந்தது. பெட்டியை ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவில்லை. அதனால் பெட்டி கீழேயே நின்றது. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் உரிய நேரத்தில் அது அப்புறப்படுத்தப்படவில்லை. 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜூன் 23-ம் தேதி ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் நடுவானில் வெடித்து 329 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஆள் ஏறவில்லை, பெட்டி மட்டும் ஏறியது. 'பெட்டி போனால் அதன் சொந்தக்காரரும் போக வேண்டும்' என்ற விதி உலகம் முழுக்க இறுகியது இப்படித்தான். இன்றைக்கு ஒருவர் விமானம் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியைத் தேடி இறக்கும் வரை விமானம் தாமதமாவதற்கு இதுதான் காரணம்.

அதன்பிறகு ஒவ்வொரு விபரீதமும் ஒரு விதியை விட்டுச் சென்றது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து விமான நிலையங்களின் காவல் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் கைக்கு வரத் தொடங்கியது. 2001 டிசம்பரில் ஒருவர் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்திருந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். 2006 ஆகஸ்டில் குளிர்பான பாட்டிலில் வெடிதிரவம் கொண்டுபோகும் சதி லண்டனில் அம்பலமானது. 100 மில்லி கணக்கு வந்தது. மகனுக்கு அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்த ஊறுகாய் பாட்டில் கைப்பையிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போவதற்குப் பின்னால் அந்தச் சதி இருக்கிறது. 2018-லிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். மரக்காணத்துப் பொடி உப்பு ஒரு கிலோ இருந்தாலும் அதே கதிதான்.

ஆக, சோதனை வீண் வேலை அல்ல. அது இல்லாமல் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்று மீனம்பாக்கத்துக்குத் தெரியும்.

பெல்ட்டைக் கழற்றும் சடங்கு

ஆனால் சோதனை என்பது ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும்தானா? 2015-ல் அமெரிக்காவில் அதிகாரிகளே மாறுவேடத்தில் போலி ஆயுதங்களோடு விமான நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். 70 முயற்சிகளில் 67 முறை யாரும் அவர்களைப் பிடிக்கவில்லை. பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் இதில் ஒரு பகுதிக்குப் 'பாதுகாப்பு நாடகம்' என்று பெயர் வைத்தார். மக்களுக்குத் தைரியம் வருவதற்காக நடத்தப்படுவது என்று பொருள்.

பிரெஞ்சு நாட்டு அறிஞர் அர்னால்ட் வான் ஜெனப் 1909-ல் சடங்குகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும் எந்தச் சடங்கிலும் மூன்று கட்டம் உண்டு என்றார். முதலில் பிரிப்பது, நடுவில் இரண்டும் கெட்டானாக நிறுத்திவைப்பது, பிறகு சேர்த்துக்கொள்வது. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, பிறகு தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

விமான நிலையத்திலும் அதேதான். வழியனுப்ப வந்த சொந்தங்கள் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். உள்ளே போனவர் பெல்ட், பர்ஸ், செல்போன் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டு, கையை விரித்துக்கொண்டு மேடைமேல் நிற்கிறார். அந்த அரை நிமிடம் அவர் ஊரின் பெரிய மனிதரும் இல்லை, உப்பளத் தொழிலாளியும் இல்லை. சந்தேகத்துக்குரிய ஓர் உடம்பு. போர்டிங் பாஸில் முத்திரை விழுந்ததும் 'பயணி' ஆகிவிடுகிறார்.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் சிறைகளையும் மனநல மருத்துவமனைகளையும் ஆராய்ந்து 1961-ல் ஒரு நூல் எழுதினார். அங்கே நுழையும் ஒருவரிடமிருந்து முதலில் பிடுங்கப்படுவது அவருடைய சொந்தப் பொருட்கள்தான் என்றார். உடுப்பு, சீப்பு, மோதிரம் இவற்றை வைத்துத்தான் ஒரு மனிதர் தன்னைத் தானாகக் காட்டிக்கொள்கிறார். அவை போனால் பாதி ஆள் போய்விடுகிறார். விமான நிலையம் அவ்வளவு கொடூரமான இடமல்ல. ஆனால் அந்தத் தட்டு அதன் சின்ன வடிவம்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பெண்களைத் திரைக்குப் பின்னால், பெண் காவலர்தான் சோதிப்பார். தாலிச் சரட்டின் மேல் கருவியைக் கொண்டுவந்ததும் கீச்சென்று கத்தும். தாலியில் கோத்துவைத்திருக்கும் நாலைந்து ஊக்குகள் காரணமாக இருக்கும். ஒரு பெண் அவசரத்துக்கு உதவும் என்று வருடக்கணக்காக மாட்டிவைத்த ஊக்கை அங்கே ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டியிருக்கும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975-ல் இன்னொன்றைச் சொன்னார். தன்னை யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதன் தனக்குத் தானே காவலாளி ஆகிவிடுவான். பழகிய பயணியைப் பார்த்தால் இது தெரியும். யாரும் சொல்வதற்கு முன்பே பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்திருப்பார். 'குண்டு' என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார். குண்டாக இருக்கும் நண்பரைக் கூப்பிடுவதானாலும் வேறு பெயர் தேடுவார். முதல் முறை போகிறவருக்குத்தான் இந்த நெளிவு சுளிவு தெரியாது. அவருடைய தடுமாற்றமே அவர்மேல் சந்தேகம் விழக் காரணமாகிவிடும்.

மொழியும் சேர்ந்துகொண்டால் தடுமாற்றம் இரட்டிப்பாகும். 2020 ஆகஸ்ட் 9-ம் தேதி சென்னை விமான நிலையத்தில் எம்.பி. கனிமொழி, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி ஒரு காவலரிடம் கேட்டபோது, 'நீங்கள் இந்தியரா?' என்ற கேள்வி தனக்கு வந்ததாகப் பதிவிட்டார். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை விசாரணைக்கு உத்தரவிட்டது. கேள்வியை வாங்கிக்கொண்டவர் எம்.பி. என்பதால் அது செய்தியானது. "பெல்ட் உதாரோ" என்பது புரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும் கடலோரத்துப் பையனின் விழிப்பு செய்தியாகாது.

கலாமையும் சோதித்தார்கள்

சோதனை இல்லாமல் போகக்கூடியவர்களும் இருக்கிறார்கள். குடியரசுத் தலைவர், பிரதமர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஆளுநர்கள், முதலமைச்சர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. முன்னாள் குடியரசுத் தலைவர்களும் அதில் அடக்கம்.

2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில் அப்துல் கலாமை ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் சோதித்தார்கள். ஜூலையில் விஷயம் வெளியே வந்தபோது நாடாளுமன்றமே கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011-ல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகும் அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிப்போய்ப் பார்த்தார்கள். இரண்டு முறையும் கலாம் சண்டை போடவில்லை. ராமேஸ்வரத்து மனிதர் பேசாமல் ஒத்துழைத்தார்.

நாடு ஏன் அவ்வளவு கொதித்தது? அமெரிக்க சமூகவியலாளர் ஹரால்ட் கார்ஃபிங்கல் 1956-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. ஒருவரின் மதிப்பைப் பலர் முன்னிலையில் இறக்கிக் காட்டும் செயலை அவர் 'தாழ்த்தும் சடங்கு' என்றார். உடம்பைத் தடவிப் பார்ப்பது அப்படியொரு சடங்கு என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததால்தான் கலாமுக்கு அது நடந்தபோது பொறுக்க முடியவில்லை. ஆனால் அதே சடங்கு தினமும் லட்சக்கணக்கானவர்களுக்கு நடக்கிறது. அவர்களுக்கு நடக்கும்போது அதற்குப் பெயர் விதி.

கடைசிப் பக்கத்து மூன்றெழுத்து

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம்: 'நீ யார்?'

கனடாவைச் சேர்ந்த பேராசிரியர் டேவிட் லயன், கண்காணிப்பின் முக்கிய வேலை மனிதர்களைத் தரம் பிரிப்பது என்கிறார். அரிசியைச் சலிப்பது போல, இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். மெட்டல் டிடெக்டருக்கு முன்னால் எல்லோரும் ஏறக்குறைய சமம். குடியேற்றப் பிரிவுக் கவுன்ட்டரில் சமம் கிடையாது.

2024 ஜூனில் டெல்லியில் 'நம்பகமான பயணி' என்ற திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்கியவர் வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடலாம். அடிக்கடி பறப்பவர்களுக்கு அது பெரிய வசதி. அதே கூடத்தின் இன்னொரு மூலையில், ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு நிற்பவர் தன் வேலை ஒப்பந்தம், குடிபெயர்வு அனுமதி எல்லாவற்றையும் காட்ட வேண்டும். காகிதம் சரியில்லை என்றால் விமானம் ஏற முடியாது. ஒரு பக்கம் நம்பகமானவர். இன்னொரு பக்கம் சரிபார்க்க வேண்டியவர்.

இந்த விதி வந்த நோக்கம் நல்லது. 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், படிப்பில்லாத ஏழைத் தொழிலாளியை ஏஜென்ட்டுகளும் வெளிநாட்டு முதலாளிகளும் ஏமாற்றாமல் காக்க வந்தது. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து என்று குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டும்தான் இந்த அனுமதி தேவை.

காப்பாற்ற வந்த எழுத்து அவமானமாகவும் மாறலாம் என்பதற்கு 2018 ஜனவரி சாட்சி. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை அச்சிடுவதை நிறுத்திவிட்டு, ஈ.சி.ஆர். பிரிவினருக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் இருந்தவரை அதிகாரிக்கு மட்டும் தெரிந்த விஷயம், அட்டைக்கு வந்தால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். 'இவர் பத்தாவது தேறாதவர்' என்று கையில் பலகை பிடித்துக்கொண்டு நிற்பது போல. எதிர்ப்பு வலுத்தது. அதே மாதம் 30-ம் தேதி அரசு அந்த முடிவைக் கைவிட்டது.

தேய்ந்த விரல்

'நீ யார்?' என்ற கேள்விக்கு இப்போதெல்லாம் காகிதத்தைவிட உடம்புதான் பதில் சொல்கிறது. 2022 டிசம்பர் 1-ம் தேதி டெல்லி, பெங்களூரு, வாராணசி விமான நிலையங்களில் 'டிஜி யாத்ரா' தொடங்கியது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். ஆதாருக்குப் பத்து விரல் ரேகையும் இரண்டு கருவிழியும் எடுக்கிறார்கள்.

உப்பு வாருகிறவரின் விரலைப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் தெரியும். வருடக்கணக்காக உப்பு நீரிலும் உப்புக் கட்டியிலும் உழன்ற விரலில் ரேகை தேய்ந்திருக்கும். வெயிலில் வெள்ளை உப்பின் கூச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். ரேஷன் கடைக் கருவியில் மூன்று நான்கு முறை விரலை அழுத்தித் துடைத்து மறுபடி வைக்கும் முதியவர்களைக் கூலி வேலை செய்யும் எந்த ஊரிலும் பார்க்கலாம். உழைப்பால் தேய்ந்த விரலைக் கருவி 'பொருந்தவில்லை' என்கிறது. கணினியில் தட்டுகிற விரலுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

கருவி பார்க்காதது

இவ்வளவு சோதனைக்குப் பிறகும் கண்ணில் படாமல் போவது என்ன என்பதுதான் முக்கியம்.

2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் அது என்று காவல்துறை அறிவித்தது. புதுச்சேரி பாட்டிலுக்காகக் கட்டைப் பைகளைத் திறந்து பார்க்கும் சாலைக்குப் பக்கத்திலேயே அந்த விஷம் மீனவர் குடியிருப்புக்குள் போய்ச் சேர்ந்தது.

விமான நிலையத்திலும் இதே கதை உண்டு. 'தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம்' என்று நம்பிக் கிளம்பிய தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். 2022 அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். இப்படிப்பட்ட ஏஜென்ட்டுகள் வழக்கமாகச் சுற்றுலா விசாவில்தான் ஆளை அனுப்புகிறார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் மேடையில் ஊக்கு அகப்படும். போலி வேலை அகப்படாது. ஏமாற்றுகிற ஏஜென்ட் எந்தச் சோதனைக்கும் உட்படாமல் வெளியே நின்று டாட்டா காட்டுகிறார். சோதிக்கப்படுவது ஏமாறுகிறவர்.

அதனால்தான் அந்தக் கடைசிப் பக்கத்து மூன்றெழுத்தைத் தொல்லை என்று தூக்கிப்போட்டுவிடக் கூடாது. உடம்பைத் தடவும் சோதனை விமானத்தைக் காப்பாற்றுகிறது. பயணம் போகிறவரையே காப்பாற்றச் சட்டத்தில் இருப்பது ஈ.சி.ஆர். சோதனை ஒன்றுதான். அது அவரைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, அவரை அனுப்புகிறவரைச் சந்தேகிக்கத் தொடங்கினால் போதும்.

வீட்டில் யாராவது இந்த வழியில் கிளம்புகிறார்கள் என்றால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்தவரா என்பதை 'இ-மைகிரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். ஈ.சி.ஆர். பிரிவில் வேலைக்குப் போகிறவருக்கு 'பிரவாசி பாரதிய பீமா' காப்பீடு கட்டாயம். சில நூறு ரூபாய் கட்டினால் 10 லட்ச ரூபாய்க்குக் காப்பீடு. 'முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அனுமதியும் காப்பீடும் இல்லாமல் அனுப்பப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். சிக்கல் வந்தால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை அணுகலாம்.

சோதனை மேடையில் நிற்பவருக்கும் உரிமை உண்டு. பெண்ணைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். பலர் முன்னால் கூச்சமாக இருந்தால், உடம்பில் ஆபரேஷன் செய்து வைத்த உலோகம் இருந்தால், தனியறையில் சோதிக்கும்படி கேட்கலாம். புரியாத மொழியில் சொன்னால் 'புரியவில்லை' என்று சொல்வது குற்றமல்ல.

மரக்காணத்துப் பாத்தியில் ஜனவரியில் மறுபடி வேலை தொடங்கும். நீர் கட்டி, வெயில் காய்ந்து, உப்பு பூக்கும். மழை நிவாரணம் தீர்ந்துபோன வீடுகளில் ஏஜென்ட்டுகளின் போன் நம்பர்கள் கைமாறிக்கொண்டிருக்கும். அந்த நம்பரைச் சரிபார்க்கும் வேலையை விமான நிலையம் வரை தள்ளிப்போடாமல், வீட்டுத் திண்ணையிலேயே முடித்துவிட வேண்டும்.